கடைசியாகப் பார்க்க வேண்டியது எஞ்சினை

மாடல் ரயில் லேஅவுட்டில் எஞ்சின் தடம் புரண்டதும், பார்த்துக்கொண்டிருப்பவரின் கை தானாக நீண்டு அதைத் தூக்கிவிடுகிறது. தூக்கியதும் கவிழ்த்துச் சக்கரத்தைப் பார்க்கிறோம். அச்சுகளைத் தாங்கும் சட்டமான போகியை விரலால் ஆட்டிப் பார்க்கிறோம். கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாவிட்டால் திரும்பத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டுகிறோம். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தால் எஞ்சினே கோளாறு என்று முடிவுகட்டி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். கொச்சியில், தோப்பும்படியில் மாடல் ரயில் பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்யும் என்னிடம், பழுது என்று சொல்லிக் கொண்டுவரப்படும் எஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் வந்து சேர்கின்றன. சோதித்துப் பார்த்தால் அவற்றில் பல நல்ல நிலையிலேயே இருக்கும். தடம் புரள்வதற்குக் காரணம் தேடுகிறவர் எஞ்சினைக் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் பார்க்க வேண்டியது, அது விழுந்த இடத்துக்கு முந்தைய அரை மீட்டர் பாதையை. அதிலும், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிட, ஒன்றுக்கு மற்றொன்று எவ்வளவு ஏறி இறங்கி இருக்கிறது என்பதையே முதலில் அளக்க வேண்டும். பாதை போட்டவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எஞ்சின் விலைக்கு வாங்கியது, பாதை தங்கள் கையால் போட்டது. கை வேலையைச் சந்தேகிப்பது யாருக்கும் வலிக்கும்.

அரை மீட்டர் என்ற கணக்கை நானாகக் கட்டிக்கொள்ளவில்லை. இந்திய ரயில்வேயில் வண்டி தடம் புரண்டால், தடயம் கலைவதற்கு முன்பே பாதை, வண்டி, போக்குவரத்துத் துறைகளின் மேற்பார்வையாளர்கள் கூடி அளவெடுத்துக் கூட்டுக் குறிப்பு எழுதுவது நடைமுறை. அவர்கள் இரண்டு இடங்களைத் தனித்தனியாகக் குறிப்பார்கள். சக்கரத்தின் துருத்திய உள்விளிம்பான ஃபிளாஞ்ச் தண்டவாளத்தின் தலைமேல் ஏறிய இடம் ஒன்று, மறுபக்கம் இறங்கிக் கீழே விழுந்த இடம் மற்றொன்று. ஏறிய இடத்தைப் பூஜ்யமாக வைத்து, வண்டி வந்த திசையில் பின்னோக்கி 3 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் 45 மீட்டருக்குப் பாதையின் அகலத்தையும் குறுக்கு மட்டத்தையும் அளப்பார்கள். எச்.ஓ. என்ற மாடல் ரயில் அளவுகோல் 87இல் ஒரு பங்கு. 45 மீட்டர் அதில் 52 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும், 3 மீட்டர் மூன்றரை சென்டிமீட்டர் ஆகும். பென்சிலால் 15 புள்ளிகள் வைத்தால் முடிந்தது. பெரிய ரயிலுக்கு நெடுநேரம் பிடிக்கும் வேலை மேசைமேல் பத்து நிமிடத்தில் ஆகிவிடுகிறது. ஆனாலும் செய்யத் தோன்றுவதில்லை, ஏனென்றால் தூக்கி வைப்பதற்கு ஒரு நொடிதான் ஆகிறது.

கொச்சிக்காரர்களுக்கு இந்த ஒழுங்கின் அருமை தெரிந்திருக்க வேண்டும். தோப்பும்படிப் பாலத்துக்கு அக்கரையில், வில்லிங்டன் தீவின் கொச்சி ஹார்பர் டெர்மினஸிலிருந்து ஓடியதால்தான் ஐலண்ட் எக்ஸ்பிரஸுக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு கன்னியாகுமரிவரை நீண்ட அதே வண்டி, 1988 ஜூலை 8ஆம் தேதி கொல்லத்துக்கு அருகே பெருமண் பாலத்தில் தடம் புரண்டு அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுழற்காற்றைக் காரணமாகச் சொன்னது. கேரளத்தில் பலர் அதை ஏற்கவில்லை, இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அந்தத் துயரத்தை மேசை ரயிலின் பக்கத்தில் வைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஒரே ஒரு காரணத்துக்காக இங்கே சொல்கிறேன். முதல் சக்கரம் எங்கே, எதனால் தண்டவாளத்தை விட்டது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விடை கிடைக்காதவரை மற்ற விளக்கங்கள் எல்லாம் காற்றில்தான் நிற்கின்றன. சின்னப் பாதையில் தடயத்தைக் கலைத்துவிட்டுக் காரணம் சொல்பவரின் நிலையும் அதுதான்.

அகலத்தைவிட உயரத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கே சாட்சி. இந்திய அகலப்பாதை 1676 மி.மீ. ஒரு அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 1600 மி.மீ. இரண்டு ஃபிளாஞ்சுகளின் கனத்தையும் கழித்துவிட்டால், சக்கரத்துக்குப் பக்கவாட்டில் மிஞ்சும் அசைவு சுமார் 19 மி.மீ.தான். 87இல் பங்கு போட்டால் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. எச்.ஓ. பாதையின் அகலம் 16.5 மி.மீ., சக்கர உள் இடைவெளி 14.5 மி.மீ. அளவில் இருக்கும், ஃபிளாஞ்ச் கனம் ஒவ்வொன்றும் முக்கால் மில்லிமீட்டர். ஆக அசைவுக்குக் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் கிடைக்கிறது, உண்மையான ரயிலைப்போல இரண்டு மடங்கு. ஃபிளாஞ்சின் உயரமும் அப்படியே. அமெரிக்க மாடல் ரயில் சங்கம் பரிந்துரைக்கும் ஆர்.பி.-25 வடிவச் சக்கரத்தில் அது சுமார் 0.64 மி.மீ. உண்மையான சக்கரத்தின் ஃபிளாஞ்சைச் சரியாகச் சுருக்கினால் 0.33 மி.மீ. வந்திருக்க வேண்டும். இவ்வளவு தாராளமாகப் பக்கவாட்டு இடமும் இரட்டிப்பு உயரமான ஃபிளாஞ்சும் கொடுத்த பிறகும் சக்கரம் ஏறுகிறது என்றால், அந்த ஃபிளாஞ்ச் ஏற்கெனவே பாதி மேலே தூக்கப்பட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். தூக்குவது பாதையின் முறுக்கு. ஒரு தண்டவாளம் மட்டமாகப் போய்க்கொண்டிருக்க, இணையான மற்றொன்று சற்றே தாழ்ந்து எழுவதைத்தான் முறுக்கு என்கிறேன்.

நம் ஊர் வண்டிகளை மாடலாக்குகிறவர்களுக்கு இங்கே இன்னொரு பாரம் உண்டு. 16.5 மி.மீ. பாதையை 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வருகிறது, அதாவது ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு கேஜ். கொச்சியில் அந்தப் பாதைக்கு அளவு பிசகாமல் பொருந்தும் ரயில் 2017இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ மட்டும்தான். அகலப்பாதை எஞ்சினுக்கு உண்மையில் 19.26 மி.மீ. வேண்டும். அது கிடைக்காததால், டபிள்யூ.டி.எம்-2 போன்ற அகன்ற உடல்கொண்ட எஞ்சின் மாடலில் குறுகிய காலில் நிற்கிறது. மேலே அதே உயரம், கீழே ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவான அகலம். பாதை சற்றுச் சாய்ந்தாலும் பாரம் ஒரு பக்கத்துக்கு ஓடுகிறது.

இதற்கு உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும். ‘பாதை முறுக்கியிருந்தால் எல்லா எஞ்சினும் அல்லவா விழ வேண்டும்? மற்ற நான்கும் அதே இடத்தில் ஒழுங்காகப் போகின்றன, இது ஒன்றுதான் விழுகிறது. அப்படியானால் கோளாறு இதில்தானே?’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரே வண்டி எல்லா இடத்திலும் விழுந்தால் சக்கரத்தைப் பார், எல்லா வண்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் பாதையைப் பார் என்று தொழிலில் ஒரு பழைய விதியும் உண்டு. ஒரே வண்டி ஒரே இடத்தில் விழுந்தால் என்ன செய்வது என்று அந்த விதி சொல்லவில்லை. நடைமுறையில் முக்கால்வாசி வழக்குகள் அந்த வகைதான்.

மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நான்கு கால் நாற்காலி தரை மட்டமாக இருந்தால்தான் நிற்கும். போகிகளுக்கும் இதே கதைதான். நான்கு சக்கரப் போகியில் அச்சுகளுக்கு நடுவே தூரம் குறைவு. அந்தச் சின்ன நீளத்துக்குள் பாதை எவ்வளவு முறுக்க முடியும்? மூன்று அச்சுப் போகியில் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவே எச்.ஓ. அளவில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. போகிச் சட்டம் வளையாத வார்ப்பு அல்லது பிளாஸ்டிக். அந்த நான்கு சென்டிமீட்டருக்குள் ஒரு தண்டவாளம் 0.3 மி.மீ. தாழ்ந்தால், ஒரு மூலைச் சக்கரம் அந்த அளவுக்கு அந்தரத்தில் நிற்கும். 0.3 மி.மீ. என்பது சாதாரண எழுதும் காகிதம் மூன்று தாள். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் 0.64 மி.மீ. ஃபிளாஞ்சில் பாதி அப்போதே போய்விட்டது. சரக்கு வண்டிகள் இதைத் தாங்குவதற்குக் காரணம், ஒரு போகியின் திருகை இறுக்கமாகவும் மற்றொன்றைத் தளர்வாகவும் விட்டு முக்காலி நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். எஞ்சினில் அதைச் செய்ய முடிவதில்லை. மோட்டாரிலிருந்து வரும் தண்டு, மின்சாரம் எடுக்கும் கம்பிகள், கியர் பெட்டி எல்லாம் சேர்ந்து போகியின் அசைவைக் கட்டிவைத்திருக்கின்றன. மற்ற நான்கு எஞ்சின்களும் அந்த இடத்தைத் தாண்டிப் போவது பாதை நன்றாக இருப்பதால் இல்லை, அவற்றின் போகி குட்டை என்பதால். விழுகிற எஞ்சின் மற்றவை சொல்லாததைச் சொல்கிறது.

எஞ்சினைக் கடைசியில் பார் என்பதற்கு, பார்க்கவே வேண்டாம் என்று பொருளில்லை. பாதையை அளக்க அதையே கருவியாகக் கொள்வதற்கு முன், அது மட்டமாக நிற்கிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பார்த்துவிடலாம். முகம் பார்க்கும் கண்ணாடியே போதும், அதைவிட மட்டமான பரப்பு வீட்டில் கிடைப்பது அரிது. சிகரெட் தாள்போல மெல்லிய காகிதக் கீற்று ஒன்றை ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் நுழைத்து மெதுவாக இழுக்க வேண்டும். எல்லாச் சக்கரமும் காகிதத்தைப் பிடித்தால் எஞ்சின் மேல் குற்றமில்லை. ஏதாவது ஒன்றின் அடியில் தாள் வழுக்கிக்கொண்டு வந்தால், அந்தச் சக்கரம் பாரம் சுமக்கவில்லை. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது போகிக்குப் போகும் கம்பியை. விறைத்த கம்பி ஒன்று போகியை ஒரு மூலையில் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை மாற்றி மெல்லிய, நெளியும் கம்பியைச் சோல்டர் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பாதையை அளப்பதற்கு ரசமட்டம் உதவாது. 16.5 மி.மீ. அகலத்தில் 0.3 மி.மீ. வித்தியாசத்தைக் கொத்தனார் ரசமட்டத்தின் குமிழி தெளிவாகக் காட்டாது. நான் சிபாரிசு செய்வது ஒரு சின்னத் தள்ளுவண்டி. அச்சு நெருக்கமான நான்கு உலோகச் சக்கரங்கள், அடியில் கனமான ஈயத்துண்டு, நடுவில் 16 செ.மீ.க்குச் சற்று அதிகமான உயரத்துக்கு ஒரு கம்பி, அதன் உச்சியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு குண்டு. குண்டுக்குப் பின்னால் வண்டியோடு ஒட்டிய அட்டையில் மில்லிமீட்டர் கோடுகள். நூலின் நீளம் பாதை அகலத்தைப்போலப் பத்து மடங்கு என்பதால், தண்டவாளத்தின் 0.3 மி.மீ. ஏற்ற இறக்கம் அட்டையில் 3 மி.மீ. நகர்வாகத் தெரியும். பென்சில் புள்ளி ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, குண்டு அடங்கியதும் எழுதிக்கொள்ள வேண்டும். வளைவில் வேண்டுமென்றே கொடுத்த சாய்வு இருந்தால் எல்லாப் புள்ளியிலும் ஒரே எண் வரும், அதனால் தொல்லையில்லை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் எண் எவ்வளவு தாவுகிறது என்பதுதான் முக்கியம். 2, 2, 2, 5, 1 என்று ஒரு வரிசை வந்துவிட்டால் எஞ்சினின் மூடியைக் கழற்ற வேண்டிய அவசியமே இருக்காது.

அந்தத் தாவல் எங்கிருந்து வருகிறது? மிக அடிக்கடி, ஜல்லியிலிருந்து. தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஜல்லியை ஒட்டும்போது ஸ்லீப்பர்கள் லேசாக மிதக்கின்றன. ஒரே ஒரு மணி ஸ்லீப்பருக்கு அடியில் புகுந்துகொள்கிறது, பசை காய்ந்ததும் அது அங்கேயே கல்லாகிவிடுகிறது. பாதை போட்ட நாளில் ஒழுங்காக ஓடிய வண்டி ஜல்லி கொட்டிய பிறகு விழத் தொடங்கினால் வேறெங்கும் தேட வேண்டாம். மற்றோர் இடம் ஜாயின்ட். இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் உலோகச் செருகியும் அதன் அடியிலுள்ள ஸ்லீப்பரும் சேர்ந்து பக்கத்து ஸ்லீப்பர்களைவிடக் கனமாக இருந்தால் அந்த இடத்தில் பாதை கூனிவிடும். ஸ்லீப்பரின் அடிப்புறத்தைச் செருகியின் கனத்துக்கு அரத்தால் தேய்த்துக் கொடுப்பதுதான் சரியான வேலை. தாழ்ந்த இடத்துக்கு மருந்து, பெரிய ரயிலில் கேங்மேன்கள் செய்யும் அதே பேக்கிங்: ஸ்லீப்பருக்கு அடியில் விசிட்டிங் கார்டுக் கீற்றைத் தள்ளி, குண்டு சொல்லும் எண் சரியாகும்வரை கூட்டிக் குறைத்து, பிறகு ஒரு சொட்டு ஃபெவிகுவிக். அவசரப்பட்டு ஆணியைத் தட்டி இறக்கினால் ஸ்லீப்பர் நடுவில் வளைந்து பாதையின் அகலம் குறுகிவிடும். அப்போது ஒரு கோளாறு இரண்டாகிறது.

எடை போட்டால் சரியாகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. இதை நம்புகிறவர்கள் அதிகம், ஏனென்றால் சில சமயம் சரியாகவும் ஆகிறது. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் நாடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு சூத்திரம் தந்தார். சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசைக்கும் அதைக் கீழே அழுத்தும் சுமைக்கும் உள்ள விகிதம் ஒரு எல்லையைத் தாண்டினால் ஃபிளாஞ்ச் ஏறும். அந்த எல்லை ஃபிளாஞ்சின் செங்குத்தையும் உராய்வையும் பொறுத்தது. இரண்டரைக்கு ஒன்று என்ற சரிவுள்ள ஃபிளாஞ்சுக்கு, உராய்வு 0.25 என்றால் எல்லை 1.38 வருகிறது. உராய்வு 0.5 ஆனால் 0.89 ஆகக் குறைந்துவிடுகிறது. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, எல்லையில் எடையே வரவில்லை, விகிதம்தான் வருகிறது. வளைவில் எஞ்சினை வெளியே தள்ளுவது பெரும்பாலும் அதன் சக்கரங்களே தண்டவாளத்தில் தேய்ந்து திரும்பும் உராய்வு. எடை கூடினால் அதுவும் அதே அளவுக்குக் கூடும். போட்ட எடை இரு தட்டிலும் ஏறியதுபோல் ஆகிறது. முறுக்கிய பாதையில் நிலைமை இன்னும் மோசம், அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தின்மேல் எடை இறங்குவதே இல்லை, ஊன்றி நிற்கும் மற்றவற்றின் மேல்தான் இறங்கும். போகிச் சட்டமோ திருகோ கொஞ்சம் நெகிழ்ந்துகொடுத்தால் சக்கரம் கீழே வரும், எடை வேலை செய்ததுபோல் தோன்றும். மோட்டாரும் பிளாஸ்டிக் பற்சக்கரமும் அதற்கான விலையைப் பிறகு கொடுக்கும்.

இரண்டாவது பாடம் உராய்வைப் பற்றியது. பாதையைச் சுத்தம் செய்ய உப்புத்தாளைத் தேய்ப்பவர்கள் தண்டவாளத்தின் உள்முகத்தையும் சொரசொரப்பாக்கிவிடுகிறார்கள். வெட்டிய தண்டவாள முனையில் பிசிறு நின்றால் ஃபிளாஞ்சுக்கு அது ஏணிப்படி. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் உள்முக மேல்விளிம்பை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, விரல்நுனியால் தடவிப் பார்த்து வழுவழுப்பாக்குவது, எஞ்சினுக்குள் ஈயம் வைப்பதைவிடப் பயன் தரும். எடையை அடியோடு மறுக்க மாட்டேன். அதன் இடம் எஞ்சினுக்குப் பின்னால் வரும் வண்டிகள். அதே அமெரிக்கச் சங்கம் எச்.ஓ. வண்டிக்கு ஒரு அவுன்ஸும், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும் என்று பரிந்துரைக்கிறது. ஆறு அங்குல வண்டிக்கு நான்கு அவுன்ஸ், சுமார் 113 கிராம். வளைவில் நீண்ட ரயிலை இழுக்கும்போது நடுவிலுள்ள இலேசான வண்டி உள்பக்கமாகச் சாய்ந்து விழுவது உண்மையிலேயே எடைக் குறைவால் வருவது. எஞ்சின் விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அகலம் உயிரான இடம் ஒன்று இருக்கிறது, அங்கே என் கட்சியை நானே தளர்த்திக்கொள்ள வேண்டும். அது பாதை இரண்டாகப் பிரியும் பாயின்ட். பாயின்ட்டில் கிராசிங் மூக்குக்கு முன்னால் தண்டவாளம் சற்று தூரம் அறுந்துபோகிறது. அந்த இடைவெளியைத் தாண்டும்போது சக்கரத்தைத் தவறான பக்கம் போகாமல் பிடித்துக்கொள்வது எதிர்ப்பக்கத்துச் செக் ரயில். சக்கரங்களின் உள் இடைவெளி குறைந்திருந்தால் சக்கரத்தின் முதுகு செக் ரயிலில் மோதி ஏறும். இடைவெளி கூடியிருந்தால் ஃபிளாஞ்ச் மூக்கின் நுனியிலேயே முட்டும். இந்திய ரயில்வே 1600 மி.மீ.க்கு மேலே 2, கீழே 1 மி.மீ. மட்டுமே அனுமதிப்பதன் காரணமும் இதுதான். அச்சில் சக்கரம் நழுவியிருப்பது எஞ்சினின் குற்றமேதான், வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு அச்சையும் மூன்று இடத்தில் அளந்தால் உடனே பிடிபடும். மூன்று எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கிறது. ஆனால் எல்லா எஞ்சினும் சரியாக 14.5இல் நின்று, குறிப்பிட்ட ஒரு பாயின்ட்டில் மட்டும் மூக்கில் முட்டுகிறது என்றால், செக் ரயிலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள சந்து அகன்றிருக்கிறது. செக் ரயிலின் முகத்தில் கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கீற்று ஒன்றை ஒட்டினால் சரியாகும்.

பாயின்ட்டிலும்கூட, மூக்கைவிட, வழியை மாற்ற அசையும் நாக்குதான் எஞ்சின்களை அதிகம் விழச் செய்கிறது. நாக்கின் நுனி பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிப் படுத்திருக்கிறதா என்று மேலிருந்து பார்த்தால் எப்போதும் ஒட்டியிருப்பதாகவே தெரியும். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி, எதிர்ப்பக்கத்தில் டார்ச்சைப் பிடித்தால் மயிரிழை வெளிச்சம் கசிவது தெரியும். வெளிச்சம் கசிந்தால் ஃபிளாஞ்சும் நுழையும். சில நேரம் நுனி ஒட்டியிருந்தாலும் தண்டவாளத் தலையைவிட ஒரு நூல் உயர்ந்து நிற்கும், மூன்று அச்சுப் போகியின் முன் சக்கரம் அதன் முதுகில் ஏறி அமர்ந்து நான்கு அங்குலம் சவாரி செய்துவிட்டுப் பிறகுதான் விழும். விழுந்த இடத்தில் தேடுகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

அதனால்தான் ஏறிய இடத்தைக் கண்டுபிடிப்பதில் பிடிவாதமாக இருக்கச் சொல்கிறேன். பெரிய ரயிலில் ஃபிளாஞ்ச் தண்டவாளத் தலையில் கீறல் விட்டுப்போகும். நம் எஞ்சினின் பாரத்துக்கு அப்படிக் கீறல் விழாது. ஃபிளாஞ்சின் விளிம்பில் அழியக்கூடிய மார்க்கர் மையைத் தடவி, ஈரம் காய்வதற்குள் மெதுவாக ஓட்டினால், ஏறிய இடத்தில் தலையின் குறுக்கே ஒரு மெல்லிய சாய்கோடு விழும். கைப்பேசியைத் தண்டவாள உயரத்தில் சாய்த்து வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தாலும் தெரியும். எஞ்சினைக் கையால் தள்ளிப் பார்ப்பது மட்டும் கூடாது. வார்ம் கியர் உள்ள எஞ்சினில் தள்ளினால் சக்கரம் சுழலாது, சறுக்கும். எஞ்சின் தானாக ஓடும் விதமும் தள்ளும்போது சறுக்கும் விதமும் வேறு.

வளைவின் ஆரத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் பெக்கோ செட்ராக்கின் இரண்டாம் ஆரம் 438 மி.மீ., பெரிய அளவில் 38 மீட்டர். இந்திய அகலப்பாதையின் மிகக் கூர்மையான 10 டிகிரி வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் இருக்கிறது. மூன்று அச்சு எஞ்சினை 438இல் ஓட்ட விரும்புகிறவர், நேர்பாதையிலிருந்து வளைவுக்குள் திடீரென்று திருப்பாமல் படிப்படியாக நுழைத்தால் பாதித் தொல்லை குறையும். எதிரெதிர் வளைவுகளை நடுவில் நேர்பாதை இல்லாமல் சேர்க்கவே கூடாது.

மிச்சம் இருப்பது எங்கள் ஊருக்கே உரிய மறுப்பு, இதை நான் மதிக்கிறேன். ‘இந்த ஈரக்காற்றில் எதை அளந்து என்ன பயன்? ஜூனில் இடவப்பாதி மழை வந்தால் எல்லாம் மாறிவிடும், ஐப்பசியில் துலாமழையில் இன்னொரு முறை மாறும்.’ மாறுவது உண்மை. எது மாறுகிறது என்பதில்தான் தவறு நடக்கிறது. பலர் தண்டவாளம் நீண்டுவிடுகிறது என்று சொல்லி ஜாயின்ட்டில் சந்து விடுகிறார்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்று மீட்டர் நீளம் இருந்து, 10 டிகிரி வெப்பம் கூடினால் அரை மில்லிமீட்டர்தான் நீளும். கொச்சியில் வீட்டுக்குள் வெப்பம் அதற்கு மேல் ஊசலாடுவது அரிது. ஆடுவது மரம். நாரின் நெடுக்கில் மரம் ஏறக்குறைய அசையாது. குறுக்கில், பல வகை மரங்களில் ஈரம் ஒரு சதவீதம் கூடினால் கால் சதவீதம் அகலும். 30 செ.மீ. பலகையில் ஈரம் நான்கு சதவீதம் ஏறினால் 3 மி.மீ. ஆகிறது. அகன்றால்கூடப் பரவாயில்லை. லேஅவுட்டின் மேல்பக்கத்துக்குப் பெயின்ட், பிளாஸ்டர், புல் என்று ஐந்தாறு பூச்சு போட்டு, அடிப்பக்கத்தை வெறுமனே விட்டுவிடுகிறோம். அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடிக்கிறது, பலகை வில்லாக வளைகிறது, ஒரு மூலை மட்டும் எழும்புகிறது. மூலை எழும்பினால் அதன்மேல் போகும் பாதை முறுக்கும். மழைக்காலத்தில் மட்டும் விழும் எஞ்சினின் ரகசியம் பெரும்பாலும் பலகையின் அடியில் இருக்கிறது.

இதற்குத் தேவையான சரக்கு தோப்பும்படிக்காரர்களுக்குத் தூரத்தில் இல்லை. பிளைவுட் தொழிலுக்குப் பேர்போன பெரும்பாவூர் இதே எர்ணாகுளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சாதாரண ஐ.எஸ். 303 பலகைக்குப் பதில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேட்டு வாங்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் படகு பழுதுபார்க்கும் ஆசாரிகள் மரத்துக்கு எப்படிப் பூச்சு கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், ஒரு முகத்தை மட்டும் பூசிவிட்டு எழுந்து போகிறவர் அவர்களில் இருக்க மாட்டார். மேல், அடி, நான்கு விளிம்பு, கம்பிக்காகப் போட்ட துளையின் உட்புறம்வரை ஒரே எண்ணிக்கையில் பூச்சு வேண்டும். பலகைகள் சேரும் இடத்தில் வெறும் போல்ட்டை நம்பாமல், பித்தளை முளையும் குழியுமாக வைத்து இரண்டு பலகையும் ஒரே உயரத்தில் பூட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். தோப்பும்படியிலிருந்து வில்லிங்டன் தீவுக்குப் போகும் பழைய துறைமுகப் பாலத்தைப் பார்த்து, நடுக்கண் தூக்கும்படியான பாலத்தை லேஅவுட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே உண்டு. நல்ல ஆசைதான், ஆனால் அந்தக் கண்ணின் இரு முனையிலும் பாதை மரத்தோடு ஒட்டாமல் பித்தளைத் தகட்டின்மேல் சோல்டர் செய்யப்பட்டிருந்தால்தான் மழைக்குத் தாங்கும்.

இப்படிக் கட்டிய பலகையும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். ஆகவே குண்டு தொங்கும் தள்ளுவண்டியை வெயில் காலத்தில் ஒரு முறையும், இடவப்பாதி நன்றாகப் பிடித்துப் பல வாரம் பெய்த பிறகு ஒரு முறையும் பாதை முழுக்க நகர்த்தி, இரண்டு வரிசை எண்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே இடத்தில் தாவல் இருந்தால் அது ஜல்லியோ ஜாயின்ட்டோ, பேக்கிங் போதும். மழை வரிசையில் மட்டும் தாவினால் அந்தப் பலகையின் அடியைத் துடைத்து உலர்த்திப் பூச வேண்டும், அங்கே இப்போது பேக்கிங் வைத்தால் ஜனவரியில் அதுவே மேடாகும். இரண்டு வரிசையும் சீராக இருந்து, பாயின்ட் நாக்கில் வெளிச்சம் கசியாமல் இருந்து, கண்ணாடிமேல் எல்லாச் சக்கரமும் காகிதத்தைப் பிடித்து, அதற்குப் பிறகும் எஞ்சின் அதே இடத்தில் விழுந்தால், அப்போது திருப்புளியை எடுத்து அதன் மூடியைத் திறக்கலாம்.